மரங்கொத்தி அணியின் கூரை

மழை வந்தால் அந்தத் தெருவில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். தார்ப்பாய்க்காரர் வீட்டில் மட்டும் முகம் மலரும். முதல் தூறல் விழுந்த கையோடு லாரிக்காரர்கள் கிழிந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். "அண்ணே, உள்ள சிமென்ட் மூட்டை கெடக்கு, கொஞ்சம் பாத்துக் குடுங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். வெயில் காலம் முழுக்க அவரைக் கண்டும் காணாமல் போனவர்கள்தான். அவரும் வேண்டுமென்றே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். அந்தப் பெருமூச்சு இல்லாமல் அந்தக் கடையில் ஊசியில் நூல் ஏறாது.

கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் ஒரு திரை, அதுவும் கித்தான்தான். பெரிய மிஷின் ஓடத் தொடங்கினால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் தாமாகவே பேசிக்கொள்ளும். அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் கத்திப் பேசித்தான் பழக்கம். சண்டை என்று நினைத்து, வந்த விருந்தாளி பாதி டீயில் எழுந்துபோன கதையும் உண்டு.

அவர் மனைவிக்கு ஓரத்துக் கயிறு வைத்து மடிக்கிற வேலையும், பித்தளை வளையம் அடிக்கிற வேலையும். அவள் சந்தோஷமாக இருக்கிறாளா கோபமாக இருக்கிறாளா என்பது சுத்தியல் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கோபத்தில் அடித்த வளையங்கள் இன்னும் கெட்டியாக நிற்கும் என்று அவள் தம்பி, லாரி டிரைவர், சொல்லிச் சிரிப்பான்.

அந்தக் கடைக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கத்திரி. அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டுவது தார்ப்பாய்க்காரர் மட்டும்தான். மற்றவர்கள் மடிக்கலாம், தைக்கலாம், அடிக்கலாம். கத்திரி மட்டும் அவர் மேலங்கிப் பையை விட்டு இறங்காது. "தைச்சதைப் பிரிச்சுடலாம். வெட்டினதை ஒட்ட முடியுமா?" என்பார். இரண்டாவது, வாளித் தண்ணீர். தைத்து முடித்த பாயை நான்கு கம்பத்தில் கட்டி, அதன் கீழே ஒரு முக்காலியைப் போட்டு அவரே உட்கார்ந்துகொள்வார். மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். "ஒரு சொட்டு என் தலையில விழுந்தா, காசு வேணாம், எடுத்துட்டுப் போ" என்று வாடிக்கையாளரிடம் சவால் விடுவார். இன்றுவரை விழுந்ததில்லை. அவர் தலை நனைந்ததெல்லாம் குளிக்கும்போதுதான்.

ஏணியில் ஏறித் தண்ணீர் ஊற்றுவது மகள் வேலை, அம்மாவுக்குத் துணையாக வளையமும் அடிப்பாள். பதின்மூன்று வயது. நாலு வயதிலேயே மிஷினுக்கு நூல் கோத்துக் கொடுத்ததால் வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர் விழுந்துவிட்டது. கத்திப் பேசுகிற வீட்டில் பிறந்தும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் பொழுது போய்விடும். "ஊத்தவா?" "போதுமா?" இந்த இரண்டும்தான் கடையில் அவள் பேசுவது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் சாரணர் குழுவுல சேரப்போறேன்."

தார்ப்பாய்க்காரருக்குப் புரை ஏறியது. மனைவி தண்ணீரை எடுத்து நீட்டினாள்.

"சேரட்டுமான்னு கேக்கறியா, சேரப்போறேன்னு சொல்றியா?" என்றார் இருமல் அடங்கியதும்.

ஊசி கொஞ்சம் யோசித்தாள். "சேரப்போறேன்னு சொல்லிட்டு, சேரட்டுமான்னு கேக்கறேன்."

விஷயம் இதுதான். போன வாரம் ஏழெட்டுப் பிள்ளைகள் கடைக்குக் கயிறு வாங்க வந்தார்கள். எந்தக் கயிறு என்று அவர்களுக்குள் ஒரே வாக்குவாதம். பெரியவர்கள் யாரும் கூட இல்லை. கடைசியில் ஒரு பெண் விசில் ஊதினாள், கை தூக்கினார்கள், எண்ணினார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். தார்ப்பாய்க்காரருக்கு அது வெறும் தலைவலி. ஊசியோ, சுத்தியலைக் கையில் பிடித்தபடியே வாய் பிளந்து நின்றுவிட்டாள். தன் வயதுப் பிள்ளைகள் ஒரு முடிவு எடுத்து அவள் பார்த்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிட்டா இங்க யாரு தண்ணி ஊத்தறது?" என்றார்.

"நான் ஊத்தறேன்" என்றாள் மனைவி. "உங்க தலையில ஊத்தறதுக்கு எனக்கென்ன கசக்குமா?"

அந்த விசில் பெண் மறுநாள் வந்தாள். மருந்துக்கடைக்காரர் மகள், வயது பதினாறு இருக்கும். மரங்கொத்தி அணியின் தலைவி. செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அதுவே தார்ப்பாய்க்காரர் மனைவிக்குப் பிடித்துவிட்டது.

"பொறுப்பு யாருமா?" என்றார் அவர்.

"நான்தான் அங்கிள்."

"அது சரிம்மா. பெரியவங்க யாரு?"

"பல் டாக்டர் சார் வருவார். ஆனா பேச மாட்டார்."

"ஏன், அவருக்குப் பல் வலியா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்க குழுவுல அப்படித்தான் அங்கிள். எங்க போறது, என்ன சமைக்கிறது, யாரு எதுக்குப் பொறுப்புன்னு நாங்கதான் பேசி ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவோம். சார் முதலுதவிப் பெட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். ஆபத்துன்னாதான் எழுந்து வருவார்."

"நீங்க தப்பா முடிவு பண்ணிட்டா?"

"அடுத்த தடவை சரியா பண்ணுவோம்."

பெண்ணா இது, வக்கீலா என்று நினைத்துக்கொண்டார். ஊராரை எல்லாம் வாரம் முழுக்க வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறக்க மாட்டாராம். ஆனால் ஊசி திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. அவள் நிழல் கித்தானில் குச்சி மாதிரி விழுந்திருந்தது. அந்த நிழலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

அதன்பிறகு வீட்டில் முடிச்சாகவே இருந்தது. மேஜைக்கால், நாற்காலி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றிலும் ஊசி கயிறு கட்டிப் பழகினாள். ஒருநாள் தார்ப்பாய்க்காரர் மிஷினை விட்டு எழுந்தபோது முக்காலியும் கூடவே எழுந்தது. "ஏங்க, அவளாவது உங்களை ஒரு எடத்துல கட்டிப்போட்டாளே" என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசிக்குப் பேச்சும் கூடியிருந்தது. நெருப்பு மூட்டினது, ஓடை தாண்டினது, வழி தவறினது, வழி தவறினதற்கு யார் காரணம் என்று கூட்டம் போட்டது, எல்லாம் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள். அவர் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டே தைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் முகாம் வந்தது. ஊருக்கு வெளியே குன்றின்மேல் இரண்டு இரவு. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு பொறுப்பு எடுத்துச் செய்து காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் கடைசி நாள் பெற்றோர் முன்னால் அணி கூடி, கை தூக்கி, கழுத்தில் பச்சைக் கழுத்துத் துணி கட்டும். அது கட்டினால்தான் அணியில் ஒருத்தி. இல்லாவிட்டால் அடுத்த முகாம்வரை காத்திருக்க வேண்டும்.

"எனக்கு என்ன பொறுப்பு தெரியுமாப்பா?" என்றாள் ஊசி. "கூரை. அணி மொத்தத்துக்கும் தூங்கறதுக்கு நான்தான் கூரை போடணும்."

தார்ப்பாய்க்காரர் காதில் 'கூரை' மட்டும்தான் விழுந்தது. 'நான்தான்' விழவே இல்லை.

அன்றே இரண்டு லாரிப் பாயைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, மெழுகு ஏற்றின முதல்தரக் கித்தான் உருளையைப் பிரித்தார். அளந்தார், கோடு போட்டார், வெட்டினார். ஓரமெல்லாம் இரட்டைத் தையல், மூலைக்கு மூலை மூன்று மடிப்பு ஒட்டு, சுற்றிலும் விரல் தடிமனுக்குக் கயிறு. ஊசி பக்கத்தில் வந்து வந்து நின்றாள்.

"அப்பா, கொஞ்சம் லேசா..."

"லேசாவா? காத்து அடிச்சா பறந்துடும்!"

"இல்லப்பா, நான் என்ன நெனச்சேன்னா, மெல்லிசான..."

"நீ ஒண்ணும் நெனைக்காத. அப்பா இருக்கேன்ல?"

மிஷின் ஓடியது. டம்ளர்கள் பேசின. ஊசி தான் வரைந்து வைத்திருந்த படத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். லாரிக்காரர்கள் வந்து பாய் கேட்டபோது "என் பொண்ணு முகாமுக்குப் போறா" என்றார், ஏதோ அவள் ஒரு சேனையையே நடத்திக்கொண்டு போகிற மாதிரி. மச்சினன் வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல ஒரு லாரியே படுத்துத் தூங்கலாம்" என்றான். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்முற்றத்தில் கூடாரம் எழுந்து நின்றது. முக்காலியைப் போட்டு உள்ளே உட்கார்ந்தார். ஊசி ஏணியில் ஏறி வாளி வாளியாக ஊற்றினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. சத்தம்கூட உள்ளே சரியாகக் கேட்கவில்லை. அவர் வெளியே வந்தபோது மரங்கொத்தி அணி வந்து நின்றிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு அதை அவிழ்த்துச் சுருட்டினார்கள். சுருட்டுவதற்கே நாலு பேர் வேண்டியிருந்தது. தலைவி விசில் ஊதினாள். எல்லோரும் குனிந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினார்கள். மூட்டை அசையவில்லை. மறுபடியும் தூக்கினார்கள். ஒரு பையனுக்குச் சட்டை கிழிந்தது. மூன்றாவது தடவை ஆனை அசைவது மாதிரி ஒரு பக்கம் அசைந்து, எதிர்ப்பக்கம் இருந்த பெண்ணின் கால்மேல் இறங்கியது.

"பரவால்ல, நம்ம மச்சினன் லாரி இருக்கு" என்றார் தார்ப்பாய்க்காரர். "மேல கொண்டுவந்து நானே எறக்கி, நானே கட்டிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"அங்கிள், எங்க சாமான நாங்கதான் சொமக்கணும். பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடைதான்" என்றாள் தலைவி.

"எதுக்கு? லாரி சும்மாதானே நிக்குது?"

தலைவி ஊசியைப் பார்த்தாள். எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள். அவள் கையில் இன்னும் காலி வாளி இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"இது வேணாம்ப்பா."

"என்னது?"

"இந்தக் கூடாரம் வேணாம். எங்களால தூக்க முடியாது. கூரை என் பொறுப்பு. நான் வேற பாக்கறேன்."

அவள் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் அப்படி மெதுவாகச் சொல்லப்பட்டது எதுவும் இல்லாததால் அது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. தார்ப்பாய்க்காரர் முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன்பின் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. கத்திப் பேசுகிறவர் உம்மென்று இருந்தால் அந்த வீட்டைத் தாங்க முடியாது. தட்டில் எது விழுந்தாலும் சாப்பிட்டார். உப்பில்லாத முட்டையை மனைவி வேண்டுமென்றே வைத்தாள், அதையும் வாயைத் திறக்காமல் தின்றார். லாரிக்காரன் பாய் கொண்டு வந்தபோது பெருமூச்சே விடவில்லை. அவன் பயந்துபோய், "அண்ணனுக்கு உடம்புக்கு ஆகலையா?" என்று வெளியே நின்று அவளிடம் விசாரித்தான்.

"உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. பெத்த பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாளாம்" என்றாள், உள்ளே கேட்கும்படி.

அன்று மத்தியானம் அவர் வாய் திறந்தார். "ஊர்ல இருக்கற லாரியெல்லாம் என் பாயைத்தான் போத்திக்கிட்டுப் போகுது. எம்பொண்ணுக்கு அது வேணாமாம்."

மனைவி சுத்தியலைக் கீழே வைத்தாள். "அவ கூரை கேட்டா. நீங்க குடோன் கட்டிக் குடுத்தீங்க."

"நனையக்கூடாதுன்னுதானே..."

"நனைஞ்சா என்னங்க? கரைஞ்சா போயிடுவா? அவ ஒரு படம் வரைஞ்சு வெச்சிருந்தா, பாத்தீங்களா? நீங்க பாக்கல. நான் பாத்தேன். அந்தக் கழுத்துத் துணி அவளுக்குக் கெடைக்கணும்னு நெனைக்கறீங்களா, உங்களுக்குக் கெடைக்கணும்னு நெனைக்கறீங்களா?"

சரியான கேள்வி கேட்டுவிட்டாளே என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும், எங்கே தப்பு என்பதும் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் தெரிந்ததை உடனே ஒப்புக்கொண்டால் அப்புறம் அவர் என்ன தார்ப்பாய்க்காரர்?

சாயங்காலம் ஊசி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, அணிக் கூட்டம் கடையில போடலாமா?"

"கடை உங்க அம்மாதும்தான். அவளைக் கேளு."

"அம்மா சரின்னுட்டாங்க."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மரங்கொத்தி அணி கடைக்குள் வட்டமாக உட்கார்ந்தது. நடுவில் அந்த மூட்டை. மனைவி எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தாள். தார்ப்பாய்க்காரர் மிஷினில் நூல் மாற்றுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே நூலை அவர் எத்தனை தடவை மாற்றினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் வாங்கறதுக்கு அணிச் சேமிப்பு பத்தாது" என்றாள் ஊசி. "இந்தத் துணி நல்ல துணி. ஆனா கனம். அதனால இதை வெட்டிடலாம். ஆளுக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டு ஓரத்துலயும் வளையம் அடிச்சு வெச்சுக்கலாம். அவங்கவங்க துண்டை அவங்கவங்க சொமக்கணும். மேல போனதும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாப்ல வெச்சு, வளையத்துல கயிறு கோத்து இழுத்துக் கட்டிட்டா கூரை. ஒருத்தர் வரலைன்னா ஒரு துண்டு கொறச்சுக் கட்டலாம்."

'வெட்டிடலாம்' என்ற சொல்லில் தார்ப்பாய்க்காரரின் முதுகு துள்ளியது. அவர் திரும்பிவிட்டார்.

"மூணு மடிப்பு ஒட்டு வெச்சுத் தைச்சது! அதைப் போய்..."

"அங்கிள், கருத்து சொல்லணுமா?" என்றாள் தலைவி. "பெரியவங்க கருத்து சொல்லலாம். கை தூக்கக் கூடாது."

அவர் எழுந்து நின்று கருத்து சொன்னார். தைத்ததை வெட்டினால் பலம் போகும் என்றார். மூட்டுக்கு மூட்டு தண்ணீர் தேடி வரும் என்றார். காற்றைப் பற்றிச் சொன்னார், அவருடைய முதல் தார்ப்பாயைப் பற்றிச் சொன்னார், சம்பந்தமே இல்லாமல் இற்றுப்போன கயிற்றைப் பற்றியும் சொன்னார். பிள்ளைகள் பன்னைக் கடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள்.

"நன்றி அங்கிள்" என்றாள் தலைவி. "ஊசி சொன்னதுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது. கடைசியில் ஒரு கை பெரிதாகத் தெரிந்தது.

"ஆன்ட்டி, நீங்க தூக்கக் கூடாது."

"தெரியாம தூக்கிட்டேன்மா" என்று தார்ப்பாய்க்காரர் மனைவி கையை இறக்கிக்கொண்டாள்.

"சரி" என்றார் அவர், மேலங்கிப் பையைத் தடவியபடி. "வெட்டித்தான் ஆகணும்னா நானே வெட்டறேன். நகருங்க."

"அப்பா." ஊசி எழுந்து வந்து கையை நீட்டினாள். "கூரை என் பொறுப்பு."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். வளையம் அடித்துக் காய்ப்பு ஏறிய சின்னக் கை. மனைவி முகத்தைப் பார்த்தார், அங்கே ஒத்தாசை இல்லை. கத்திரியை எடுத்தார். அவள் கையில் கொடுக்கவும் முடியவில்லை, திரும்பப் பையில் போடவும் முடியவில்லை. கடைசியில் மேஜைமேல் வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு நேரே எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

டீயை வாங்கி வாயருகே கொண்டுபோனார். தெருவைத் தாண்டி அந்தச் சத்தம் வந்தது. கெட்டிக் கித்தானைக் கத்திரி கடிக்கிற சத்தம். அதை அவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார், ஆனால் மற்றவர் கையில் கேட்டதில்லை. "சக்கரை கம்மியாண்ணே?" என்றான் டீக்கடைக்காரன், அவர் முகம் போன போக்கைப் பார்த்து.

திரும்பி வந்தபோது எல்லாம் துண்டாகிக் கிடந்தது. ஊசி முழங்காலில் உட்கார்ந்து துண்டுகளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டில் சாக்கட்டிக் கோடு ஒரு முனையில் சறுக்கி, வெட்டும் அதோடு சறுக்கியிருந்தது. விரற்கடை அளவுதான், அவர் கண்ணுக்கு அது கிணறு மாதிரி தெரிந்தது. திட்டு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அப்போது தலைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, கீழே கிடந்த நூலைப் பொறுக்கிச் சுற்றத் தொடங்கினார். கத்திரி மேஜைமேல் பழைய இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஏனோ கொஞ்சம் கழித்து எடுத்து மறுபடி மேஜைமேலேயே வைத்தார்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கிளம்பினார்கள். ஆளுக்கொரு கித்தான் சுருட்டு முதுகில். ஊசி தெருமுனையில் திரும்பிக் கையாட்டினாள். சனிக்கிழமை மாலையிலிருந்து பிடித்தது மழை. ஞாயிறு காலையில் மூன்று லாரிக்காரர்கள் பாயோடு வந்து நின்றார்கள்.

"இன்னைக்குக் கடை இல்ல" என்றார் தார்ப்பாய்க்காரர்.

மழை நாளில் அந்தக் கடை மூடி யாரும் பார்த்ததில்லை. அவரும் மனைவியும் மச்சினன் லாரியில் முகாமுக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவர் வானத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"அந்தக் கோணல்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எந்தக் கோணல்?" என்றாள் மனைவி.

"ரோடு. ரோடு கோணலா இருக்கு."

குன்றடியில் லாரியை நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து ஏறினார்கள். மேலே ஒரு கயிறு குறுக்கே கட்டியிருந்தது. விசில் ஊதும்வரை பெற்றோர் அதைத் தாண்டக்கூடாதாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் மடக்கு நாற்காலியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி எப்படி சார் இருந்தது?" என்று தார்ப்பாய்க்காரர் ஆவலாகக் கேட்டார்.

"அணியைக் கேளுங்க" என்றார் டாக்டர்.

விசில் கேட்டது. கூரை நின்றுகொண்டிருந்தது. அவர் தைத்தது மாதிரி நெஞ்சு நிமிர்த்தி நிற்கவில்லை. காற்று வரும் பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் தூக்கி, நடுவில் கயிற்றுக் கோவையோடு, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி நின்றது. ஆனால் நின்றது. சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். ஊசி முகமெல்லாம் கரியாக ஓடி வந்தாள். குரல் கட்டியிருந்தது. ராத்திரியெல்லாம் கத்தியிருப்பாள் போல, அப்பன் வீட்டுப் பிள்ளை இல்லையா?

அடிப்பிடித்த சோறும், உருளைக்கிழங்கும், ஓட்டோடு கொஞ்சம் சேர்ந்த முட்டையும் கொடுத்தார்கள். "ருசி எப்படி?" என்று ஒரு பையன் கேட்டான். "பல்லுக்கு நல்ல வேலைப்பா" என்றான் மச்சினன். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடி தூறல் பிடித்துக்கொண்டது. பெற்றோரை எல்லாம் கூரைக்குக் கீழே அழைத்தார்கள். அணி நடுவில் வட்டமாக உட்கார்ந்தது. கழுத்துத் துணிக்கான ஓட்டு.

தார்ப்பாய்க்காரர் உள்ளே நுழைந்ததும் மேலேதான் பார்த்தார். கைப்பழக்கம், கண் தானாகப் போனது. மூன்றாவது துண்டும் நாலாவது துண்டும் சேர்கிற இடம். கோணல் வெட்டு. அங்கே ஒரு சொட்டு முத்து மாதிரி ஊறிப் பெருத்துக்கொண்டிருந்தது. இப்போது அது விழும், நடு வட்டத்துக்குப் பக்கத்திலேயே விழும், எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், பிள்ளைக்குக் கழுத்துத் துணி கிடைக்காது. உப்பில்லாத முட்டையைத் தின்ற அன்றுகூட அவருக்கு இவ்வளவு துக்கம் வரவில்லை.

ஓசைப்படாமல் நாலு பேரைத் தாண்டிப் போய், சரியாக அதன் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சொட்டு விழுந்தது. உச்சந்தலையில், நடு வழுக்கையில், சில்லென்று. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கூரைக்குக் கீழே அவர் தலையில் விழுந்த முதல் சொட்டு. அவர் அசையவில்லை. இரண்டாவது விழுந்தது. காதோரமாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார்.

"கூரை" என்றாள் தலைவி. "ரெண்டு நாள் நின்னுச்சு. படுக்கை ஒண்ணும் நனையல. ஒரு எடத்துல ஒழுகுது. அதைப் பத்தி யாராவது கருத்து சொல்லணுமா?"

"ஒழுகுதா?" என்றார் தார்ப்பாய்க்காரர் உடனே. "எங்க ஒழுகுது? எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

சொல்லும்போதே மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதலில் சிரித்தது மச்சினன். பிறகு மனைவி. பிறகு மொத்தக் கூரையும் சிரித்தது.

"அது எங்களுக்கு நேத்து ராத்திரியே தெரியும்ப்பா" என்றாள் ஊசி. "அங்க யாரையும் படுக்க விடல. பாத்திரம் வெச்சிருந்தோம். இன்னைக்கு நீங்கல்லாம் வர்றீங்கன்னதும் அந்த எடத்துல யாரை உக்கார வைக்கறதுன்னு பேசினோம். 'இங்க உக்காராதீங்க'ன்னு எழுதி ஒரு அட்டை வெக்கணும்னாங்க. நான்தான் சொன்னேன், எங்கப்பா வர்றாரு, அட்டையெல்லாம் வேணாம், அவரே கண்டுபிடிச்சு நேரா அதுக்குக் கீழ போய் உக்காந்துக்குவாருன்னு."

"எல்லாரும் ஓட்டுப் போட்டோம் அங்கிள்" என்றான் சட்டை கிழிந்த பையன்.

கழுத்துத் துணிக்கும் எல்லாக் கையும் எழுந்தது. இந்தத் தடவை மனைவி தன் இரண்டு கையையும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவி பச்சைத் துணியைக் கட்டியபோது ஊசி அழவில்லை, தார்ப்பாய்க்காரர்தான் அழுதார். முகமெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

ஊசி பக்கத்தில் வந்து குந்தினாள். "ஏம்ப்பா, இந்த வெட்டு கோணல்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னைக்கே பாத்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீதான் கருத்து கேக்கலையே."

அவள் கட்டிப்போன குரலில் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். "சரி, நகருங்க. நனையறீங்க."

"இருக்கட்டும்" என்றார். அடுத்த சொட்டு விழுந்தது. "நல்லாத்தான் இருக்கு."

மழை விடும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.